பசியுள்ள பூதங்கள்

என் மிகுபுனைவு நாவலுக்காக 23 அமானுஷ்யப் பிறவிகளை உருவாக்கி வைத்திருந்தேன். எழுதி முடித்திருந்த அத்தியாயங்கள் 4.

அந்த 23 பேரும் ஓர் எக்செல் கோப்பில் குடியிருந்தார்கள். பெயர், இனம், உயரம், தோற்றம், சக்தி, சக்திக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், பலவீனம் என்று வரிசையாகப் பத்திகள். பலவீனத்துக்குக் கீழே பெரும்பாலும் ‘நெருப்பு’ என்றுதான் போட்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அடித்துவிட்டு மூலையைப் பிடித்து இழுத்தால் கீழே எல்லாக் கட்டங்களிலும் நெருப்பு வந்துவிடும். நான் செம்பனை ஆலையில் வேலை செய்யும் பொறியாளன். இரவு ஷிஃப்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இந்தக் கோப்பைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் திரையில் ஆலையின் பராமரிப்பு அட்டவணை திறந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கதாநாயகன் பெயர் ஆதவன். வயது 17. பெற்றோர் இல்லை. நெற்றியில் மச்சம். கோலாலம்பூருக்கு அடியில் உறங்கும் ஏழுதலை நாகத்தை எழுப்பவே பிறந்தவன். இதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழனாக இருந்தவனுக்கு 4 அத்தியாயங்களையும் அனுப்பினேன். தமிழ்ப் புத்தகம் அதிகம் வாசிப்பவன் இல்லை, ஆனால் ஒரு அனிமேயையும் விடாதவன். ஒரு வாரம் பதிலே இல்லை. நானே கூப்பிட்டேன்.

“நல்லாத்தான்லா இருக்கு மச்சான். ஆனா ஒண்ணு கேக்கவா? இந்த ஆதவனுக்குக் கடன் கிடன் எதாச்சும் இருக்கா?”

“அவனுக்குப் பதினேழு வயசுடா.”

“காசு கடன் சொல்லல. யாருக்காச்சும் எதாச்சும் குடுக்க வேண்டியது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் பாக்கியில்லன்னா அவன் எதுக்கு வீட்ட விட்டு வெளிய வரான்?”

ஃபோனை வைத்துவிட்டு அவனைத் திட்டினேன். கேள்வி மட்டும் போகவில்லை. ஷிஃப்டில் கொதிகலன் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் கூடவே வந்தது.

கொதிகலன் உடம்பில் ஒரு தகடு பொருத்தியிருக்கும். அது எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் படித்த பொறியியல் பெரும்பாலும் அந்தத் தகட்டைப் பற்றியதுதான். ஓர் இயந்திரம் என்ன செய்யும் என்பதை விற்பனைக்காரர் சொல்லிவிடுவார். எங்கே உடையும், எதைத் தின்னும், எது இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதைத்தான் நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். செம்பனைக் குலைகளை வேகவைக்கச் சுமார் 3 பார் அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு அதே பழத்தின் நாரும் ஓடும்தான் எரிபொருள். இவ்வளவு தெரிந்தவன், என் பூதங்களுக்கு மட்டும் எரிபொருள் என்ன என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு புத்தகங்களையும் பேய்களையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நம் நாட்டுச் சரக்கு. பெனாங்கலான் எல்லோருக்கும் தெரியும், தலை மட்டும் கழன்று குடல் தொங்கத் தொங்கப் பறக்கிற பெண். சின்ன வயதில் எனக்கு அந்தக் குடல்தான் பயம். இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது காடி. இரவெல்லாம் சுற்றிவிட்டு வருகிறவள் குடலைக் காடியில் ஊறவைத்துச் சுருக்கினால்தான் மறுபடி உடம்புக்குள் நுழைய முடியும். அதனால் பகலில் அவள் மேல் காடி வாசனை அடிக்கும். பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றி மெங்குவாங் தாழையின் முள் ஓலையைக் கட்டிவைத்தால் குடல் மாட்டிக்கொள்ளும் என்று கிட்டவே வரமாட்டாள். முன்ஷி அப்துல்லாகூட ஹிகாயத் அப்துல்லாவில் இவளை விவரித்திருக்கிறார். எவ்வளவு வீட்டுவேலை பாருங்கள் இந்தப் பேய்க்கு! காடிப் பானை வாங்க வேண்டும், மறைத்து வைக்க வேண்டும், விடிவதற்குள் ஊறி முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ‘என்ன இவ்வளவு காடி?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் ஒன்று போதும், ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.

தொயோல் பணம் திருடிக் கொண்டுவரும். ஆனால் குழந்தை. வழியில் கோலிக்குண்டைக் கண்டால் விளையாட உட்கார்ந்துவிடும். ஹந்து ராயா வைத்திருப்பவருக்கு வாரிசு அதை ஏற்றுக்கொள்ளும்வரை உயிர் பிரியாது என்பார்கள். பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அழகான மனைவியாகிச் சோறு பொங்குவாள், ஆணி கழன்றால் முடிந்தது. (1957இல் வந்த பொந்தியானாக் படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்ற இந்தியர். நம் ஆட்கள் எங்கெல்லாம் கை வைத்திருக்கிறார்கள்.) இவற்றில் ஒன்றின் உயரம்கூட எனக்குத் தெரியாது. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டத்தோ கோங். சீனர்கள் சாலையோரத்தில், தொழிற்சாலை வாசலில் சின்னச் சிவப்புக் குடில் கட்டிக் கும்பிடுகிற இந்த மண்ணின் காவல் தெய்வம். பல இடங்களில் சொங்கோக் போட்டிருப்பார். அவருக்குப் பன்றி இறைச்சி வைக்கக்கூடாது. வழிபடுகிறவர் வீட்டில் தினம் சமைப்பதாக இருந்தாலும் அவருக்குக் கிடையாது. வந்து குடியேறியவர்கள் இந்த நிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் முழுவதும் அந்தச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் இதை யோசித்துக் கண்டுபிடித்திருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

பழந்தமிழிலும் இதே கதைதான். சிலப்பதிகாரத்தில் பூம்புகாரின் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதத்தைப் பள்ளியில் படித்தபோது ஏதோ பெரிய உருவம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அது எல்லோரையும் தின்னாது. பொய்ச்சாட்சி சொல்பவர், பொய்த் துறவி, பிறன்மனை விழைபவர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனைப் பற்றிச் சொல்கிற பழைய சம்பவம் ஒன்று வரும். ஒரு பத்தினி மேல் பொய்ப்பழி சொன்னவனைப் பூதம் கட்டிப்போட்டிருக்கிறது. அவனுடைய தாய் அழுகிறாள். கோவலன் போய் ‘அவனை விடு, என் உயிரை எடுத்துக்கொள்’ என்கிறான். கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கும் வழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பூதம் அவனையே தின்கிறது. கோவலன் அந்தக் குடும்பத்தைப் பல வருடங்கள் காப்பாற்றுகிறான். அந்தப் பூதத்தின் விதி வளையாது. வளையாததால்தான் கோவலன் யார் என்று நமக்குத் தெரிகிறது. வேறு எந்தக் காட்சியும் எனக்கு அவனை இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவன் செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும். என் 23 பேரில் ஒருவர் உண்மையானவர்.

கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் குடும்பம் இருந்த ரப்பர்த் தோட்டத்தின் எல்லையில் ஒரு முனி இருந்தார். சிலை இல்லை. ஒரு மரம், மூன்று கல், ஒரு சூலம். வருடம் ஒருமுறை ஆடு, சுருட்டு, ஸ்டவுட். தாத்தாதான் படையல் போடுவார். 1999இல் தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்துக்கொண்டார்கள், எல்லோரும் லயத்தைக் காலி செய்து கிள்ளானுக்கு வந்துவிட்டோம். எனக்கு அப்போது நடக்கவே தெரியாது. நான் கேட்டு வளர்ந்த கதைகளில் அவர் வெள்ளைக் குதிரையில் வருவார், அவர் கடக்கும்போது லயத்து நாய்கள் ஒன்றுகூடக் குரைக்காது. நாவலில் அவருக்குக் ‘காவலன்’ என்று பெயர் வைத்து, ஏழடி வாள் கொடுத்து, சக்தி 9 போட்டிருந்தேன். நாலாவது அத்தியாயத்தில் அவர் விழித்தெழுந்து புல்டோசர்களை எரித்துச் சாம்பலாக்குவார். ‘யாரங்கே!’ என்று செந்தமிழில் உறுமுவார்.

அந்த அத்தியாயத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டிக்கு 81 வயது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முட்டியைத் தடவிக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

“நல்லாருக்குய்யா. இவருக்கு யாரு படையல் போடுறது?”

“கதையில அதெல்லாம் வரல பாட்டி.”

“அப்ப இத்தன வருசம் என்ன சாப்ட்டாரு?”

எனக்குப் பதில் இல்லை. அவர் என்னைச் சோதிக்கவும் இல்லை. உண்மையாகவே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடங்கினார். தோட்டத்தை விட்டு வந்த அன்று மாரியம்மனை லோரியில் ஏற்றினார்கள், மேளத்தோடு. முனியை என்ன செய்வது என்று ஆண்கள் மரத்தடியில் நின்று பேசினார்கள். அவர் எல்லைக்காரர், எல்லையை விட்டு வரமாட்டார், வரச் சொல்லிக் கூப்பிடுவது தப்பு என்று தாத்தா சொல்லிவிட்டார். வருடா வருடம் வந்து செய்வோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். முதல் வருடம் போனார்கள். இரண்டாவது வருடம் வேலி போட்டிருந்தது. 2003இல் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இறந்தார்.

“டாக்டரு பிரஷர்னு சொன்னாரு,” என்றார் பாட்டி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடமும் இந்த வீட்டில் முனியின் கதையைச் சொன்னவர்கள் எல்லாம் ஏன் அந்த லோரிக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. நான் அதை எடுத்து 9 மார்க் கொடுத்திருக்கிறேன்.

“அவரு பேசவும் மாட்டாருய்யா. சாமி ஆடுறவந்தான் பேசுவான். அவரு வந்தா சுருட்டு வாசன வரும், அவ்வளவுதான்.” எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். “எழுது, வேணாங்கல. பேர மட்டும் எழுதாத. கூப்ட்ட மாதிரி ஆயிடும். கூப்ட்டுட்டுக் குடுக்க ஒண்ணும் இல்லன்னா அசிங்கம்.”

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் ஒன்றின் மெய்ப்பெயர் தெரிந்தால்தான் அதன் மேல் மந்திரம் செல்லும். பல்கலைக்கழக விடுதியில் அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பிரமித்துப் போயிருந்தேன். எங்கள் வீட்டு அடுப்படியில் அந்த விதி அமலில் இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. முனி என்பது அவர் வகை, பெயர் வேறு.

நாவலை மூன்று மாதம் தொடவில்லை. மறுபடி தொட வைத்தது எங்கள் ஆலையின் கொதிகலன்காரர். அறுபதை நெருங்கும் மலாய்க்காரர், நான் பாக்சிக் என்று கூப்பிடுவேன். புதிதாக வந்த பையனுக்கு நீர்மட்டக் கண்ணாடியைக் காட்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கொதிகலனில் அழுத்தம் கூடினால் வால்வு திறந்துகொள்ளும், அதற்குப் பயப்படாதே. தண்ணீர் குறைவதற்குத்தான் பயப்படு. கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால், உள்ளே குழாய்கள் காய்ந்து சிவந்திருக்கும். அப்போது பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாய் என்றால் நாம் எல்லோரும் காலி. முதலில் நெருப்பை நிறுத்து, ஆறவிடு, காத்திரு.

இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று கேட்டபோது பாட்டி ஏன் ஒரு தடவைகூட ‘என்னை அங்கே கூட்டிட்டுப் போ’ என்று கேட்டதில்லை என்பது உறைத்தது. இத்தனை வருடம் காயப்போட்டுவிட்டுத் திடீரென்று ஒரு பாட்டில் ஸ்டவுட்டோடு போய் நிற்க அவருக்குப் பயம்.

என் நாவலின் மந்திர விதி இப்போது இதுதான். பட்டினி கிடந்த தெய்வத்துக்குச் சட்டென்று சோறு போட முடியாது. முதலில் அதன் சூட்டை ஆற்ற வேண்டும். எப்படி ஆற்றுவது என்பதுதான் கதை. ஆதவன் போய்விட்டான். அவன் இடத்தில் சரோஜா வந்திருக்கிறார், 52 வயது, வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளர், இனிப்பு நீர். அவருடைய அம்மா சாகும்போது ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்து ‘வாங்கிக்கிட்டியா?’ என்று கேட்கிறார். சரோஜா என்ன ஏதென்று தெரியாமல் ‘வாங்கிக்கிட்டேன்மா’ என்று சொல்லிவிடுகிறார். ஹந்து ராயாவிடமிருந்து நான் வாங்கிய கடன் அது. சரோஜாவுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது, லீவு போட்டால் அலவன்ஸ் பிடித்துவிடுவார்கள், காரோட்டத் தெரியாது. ஆதவனைப் பற்றி யோசிக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று நான்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இவர் விஷயத்தில் எனக்கு அந்த வேலை குறைவு. பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தாலே அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பேய் வருகிற யதார்த்தவாத நாவலைத்தானே எழுதுகிறாய், மிகுபுனைவின் வியப்பு எங்கே போனது என்றார். முழுவதும் மறுக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பசியைக் கொடுத்தால் உலகமே மளிகைக்கடைக் கணக்காகிவிடும். அதனால் எதையும் கேட்காத ஒரு கூட்டத்தையும் நாவலில் வைத்திருக்கிறேன். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும், படகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாவலில் அவை மின்னும் நொடியில் மட்டும் ஒரு தெரு தெரியும். அணைந்தால் தெரு இல்லை. அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே போவதில்லை. 23 பேரில் மிச்சம் 4 பேர். ஏழுதலை நாகத்தை மட்டும் அழிக்க மனசு வரவில்லை, வேறு கோப்பில் தூங்குகிறது.

மின்மினிகளை மறுபடி பார்க்கப் போகும் சாக்கில்தான் பாட்டியை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியும், கேட்கவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள், ஒரு கிடங்கு, லோரிகள் நிறுத்தும் காலி மனை. மனையின் ஓரத்தில் மரம் இருந்தது. அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டி கண்ணாடியைக்கூட இறக்காமல் “அதான்” என்றார். காரை விட்டு இறங்கவில்லை. “நீ போய்ப் பாத்துட்டு வா. செருப்ப கழட்டிடு. அந்த ஊருப் பாசையில ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ.”

கேட்டேன். காட்டில் ஒன்றுக்குப் போவதற்கு முன்னால் நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், தாத்தா, பேரன் கடந்து போறேன் என்று மலாயில். தமிழ் முனியிடம் ஏன் மலாயில் கேட்க வேண்டும் என்று அங்கே நிற்கும்போது தோன்றவில்லை.

மூன்று கல்லில் இரண்டு இருந்தது. சூலம் இல்லை. ஆனால் மரத்தடியில் சிவப்புச் சாயம் அடித்த சின்ன மரப்பெட்டி ஒன்று, உள்ளே ஊதுபத்திச் சாம்பல், ஒரு கோப்பை கோப்பிஓ, இரண்டு ஆரஞ்சுப் பழம். கோப்பியில் ஈ விழுந்திருந்தது, ஆனால் காயவில்லை. பக்கத்துக் கல்லின் மேல், எரிந்து முடிந்த ஒரு சிகரெட். யார் வைத்தார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். லோரிகளில் ஆள் இல்லை.

காருக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். பழம் அழுகியிருந்ததா. ஊதுபத்தி எத்தனை. சாமியை என்னவென்று கூப்பிடுகிறார்களாம். சிகரெட்டா, சுருட்டா.

“சிகரெட் பாட்டி.”

அதற்குப் பிறகு பேசவில்லை. மின்மினி பார்க்கவும் இறங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நிம்மதியா கோபமா என்று தெரியவில்லை, இரண்டு மூன்று தடவை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிள்ளானுக்குள் நுழைந்து முதல் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

“அவருக்குச் சிகரெட் ஆவாதுய்யா. இருமுவாரு.”